தறி கேட்காத வட்டம்

எலந்தைப்பாளையத்தில் நாலாயிரம் விசைத்தறிகள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்த, கரண்ட் போனால் ஒழிய அந்த ஊருக்கு மூச்சுவிடவும் நேரமில்லாதிருந்த ஒரு வருஷத்தில், அரசினர் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படித்த கோபிகா என்ற பெண் ஒரு புத்தகத்தை வாயைத் திறக்காமல் படித்தாள். அவள் செய்தது அவ்வளவுதான். மற்றதையெல்லாம் ஊர்தான் செய்தது.

அந்த ஊரில் படிப்பு என்றால் சத்தம். குடோனுக்குள் நாலு தறிக்கு நடுவே நின்று அறுந்த நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும் அம்மாக்களுக்கு, சுவருக்கு அந்தப்பக்கம் இருக்கும் பிள்ளை படிக்கிறதா தூங்குகிறதா என்று தெரிந்துகொள்ள வேறு வழி இருக்கவில்லை. "சத்தமே காணோமே, என்ன புள்ள பண்றே?" என்று கோபிகாவின் அம்மா தங்கமணி குடோனிலிருந்து கத்துவாள், உடனே கோபிகா ஒளிச்சேர்க்கையைத் தறியை மிஞ்சும்படி முழங்குவாள், பக்கத்து வீட்டில் ஒருத்தி பானிபட் போரை முழங்குவாள், அதற்கும் பக்கத்து வீட்டில் அல்ஜீப்ரா. இப்படித் தொண்டை கிழியக் கத்தியே வளர்ந்ததால் மாவட்டத்துப் பேச்சுப்போட்டிக் கோப்பைகள் அத்தனையும் அந்தப் பள்ளிக்கே வந்து சேர்ந்தன. அவற்றைத் தலைமை ஆசிரியை மரகதவல்லி தன் அறையிலிருந்த பச்சை பீரோவின் மேல் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். பீரோவுக்குள் முந்நூற்றுச் சொச்சம் கதைப் புத்தகங்கள் இருந்தன. சாவி அவருடைய கைப்பையில் இருந்தது.

"குடுத்தாக் கிழிச்சுப்போடுவாளுக. பூட்டி வச்சா எப்பவும் புதுசாவே இருக்குமில்ல?" என்பார் மரகதவல்லி.

கிழியாமல் இருப்பதற்காகவா ஒருவர் புத்தகம் எழுதுகிறார், கிழியாமல் இருப்பதற்காகவா மரத்தை வெட்டிக் காகிதம் செய்கிறார்கள் என்று திருப்பிக் கேட்க அந்தப் பள்ளியில் ஆள் இல்லை. கால அட்டவணையில் செவ்வாய்க்கிழமை கடைசிப் பீரியட் நூலக வகுப்பு என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. அந்தச் சிவப்பு மை காய்வதற்கு முன்பே கணக்கு டீச்சர் சுகந்தி அந்தப் பீரியடை எடுத்துக்கொண்டுவிட்டார். "சும்மா உக்காந்து கதை படிக்கிற நேரத்துக்கு நாலு கணக்குப் போட்டா புண்ணியம்" என்றார். அவர் நல்ல டீச்சர்தான். சிக்கலே அதுதான், அந்தப் பள்ளியில் எல்லாருமே நல்லவர்களாக இருந்தார்கள்.

தேர்தல் வந்தது. பள்ளிக்கூடம் வாக்குச்சாவடியானது. தலைமை ஆசிரியை அறையைக் காலி செய்வதற்காக பீரோவை நான்கு பேர் தூக்கி வராந்தாவில் போட்டார்கள். போட்ட போட்டில் அடிக்கதவு ஒரு பக்கம் வாய் பிளந்தது. கோபிகா முழங்கை வரைக்கும் கையை விட்டாள். வந்தது ஒரே ஒரு புத்தகம். அட்டை இல்லை, முதல் பதினாறு பக்கங்கள் இல்லை, அதனால் பெயரும் இல்லை, எழுதியவரும் இல்லை. பதினேழாம் பக்கத்தில், பாதி வாக்கியத்தில், வேலாத்தா என்று ஒரு பரிசல்காரி துடுப்பை எடுத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, சுகந்தி டீச்சர் கரும்பலகையில் முக்கோணம் வரைந்துகொண்டிருந்தபோது, கோபிகா புத்தகத்தை மடியில் வைத்துப் படிக்க ஆரம்பித்தாள். வேலாத்தா வெள்ளத்தில் இறங்கிய பக்கத்தில் தறிகள் நின்றன. மொத்தமாக, ஒரே வெட்டில். டீச்சரின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. தொண்டைதான் கட்டிக்கொண்டது என்று நினைத்து அவர் தண்ணீர் குடித்தார், குடித்த சத்தமும் கேட்கவில்லை. அமைதி என்றால் அந்த ஊருக்குத் தெரிந்தது கரண்ட் கட் மட்டுந்தான். அதனால் பக்கத்துக் குடோன்காரர் வெளியே ஓடி வந்து தெரு விளக்கைப் பார்த்தார், மின்வாரிய ஆபீசுக்குப் போன் போட்டார், தான் பேசுவது தனக்கே கேட்காமல் போனைத் தட்டிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, தறியில் ஊடுநூலைச் சுமக்கும் நாடா இப்படியும் அப்படியும் பறந்துகொண்டிருந்தது, துணி வளர்ந்துகொண்டிருந்தது.

மணி அடித்தும் கேட்கவில்லை. வகுப்பு கலைந்து போவதைப் பார்த்துத்தான் கோபிகா தலையைத் தூக்கினாள். தூக்கியதும் நாலாயிரம் தறியும் ஒன்றாகக் காதில் விழுந்தன.

ஏன் இப்படி என்று கேட்டவர்கள் அந்த ஊரில் குறைவு. எவ்வளவு தூரத்துக்கு என்று கேட்டவர்கள்தான் அதிகம். விளையாட்டு டீச்சரின் டேப்பைக் கொண்டுவந்து அளந்தார்கள். கோபிகாவைச் சுற்றிச் சாக்பீஸில் வட்டம் போட்டார்கள். அழித்து அழித்துப் போட வேண்டியிருந்தது. வேலாத்தா சுழலில் மாட்டிய பக்கத்தில் வட்டம் பஸ் ஸ்டாண்டைத் தொட்டது. ஆற்றங்கரையின் மரங்களை வர்ணிக்கும் இரண்டு பக்கங்களில் அவளுடைய பாவாடை விளிம்போடு நின்றது. அவளுக்கு எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவு தூரம் அமைதி என்பதைச் சாக்பீஸ் பிடித்த பிள்ளைகள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். பெரியவர்களுக்கு ஒரு மாதம் பிடித்தது.

கோபிகாவுக்கோ வேறு கவலை. அந்தக் கதையில் ஒரு இடம் இருந்தது. வெள்ளம் ஏறிக்கொண்டே வருகிறது. நடு ஆற்றுப் பாறையில் ஆறு பிள்ளைகள், யாரோ பெற்ற பிள்ளைகள். கூடவே கால் முறிந்து கிடக்கிற வேலாத்தாவின் சொந்தத் தம்பி. பரிசலில் அவள் போக ஆறு பேருக்குத்தான் இடம். வேலாத்தா பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, 'இதோ வந்துர்றேன் சாமி' என்று தம்பியைப் பாறையிலேயே விட்டுவிட்டுப் போகிறாள். திரும்பி வந்தபோது பாறையைக் காணோம். அவள் செய்தது சரியா தப்பா? கோபிகா அதைச் சோற்றில் கை வைத்தபடி யோசித்தாள், பல் விளக்கும்போது யோசித்தாள். சரி என்று ஒரு நாள் முடிவு செய்வாள். அதற்கு நான்கு காரணம் வைத்திருப்பாள். அந்த நான்கையும் வெட்டிப் பேச எதிரில் ஒரு ஆள் வேண்டுமே, அந்த ஆள் இல்லை.

பக்கத்து பெஞ்சுக்காரிகளிடம் சொல்லிப் பார்த்தாள்.

"கேளுங்கடி, ஒரு பரிசல்காரி…"

"இது பரீட்சைக்கு வருமா?"

"வராது."

"அப்பறம் எதுக்குடி உசுர வாங்கறே?"

வகுப்புத் தலைவி ஷாஹிதா, பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுவதே தன் கடமை என்று இருந்தவள், கோபிகாவின் பெயரை எழுதி, பக்கத்தில் 'மிக அதிகம்' என்றும் போட்டாள்.

அதற்குள் ஊர் அந்த அமைதியை எடுத்துப் புழங்க ஆரம்பித்திருந்தது. முதலில் பன்னிரண்டாம் வகுப்பு அக்காக்கள் கைடுகளோடு வந்து வட்டத்துக்குள் உட்கார்ந்தார்கள். பிறகு கைக்குழந்தைக்காரிகள் வந்தார்கள். பிறந்ததிலிருந்து தறிச்சத்தத்தில் திடுக்கிட்டுத் திடுக்கிட்டு விழித்த குழந்தைகள் அவள் காலடியில் பாய் விரித்ததும் வாய் பிளந்து தூங்கின. ஒரு பல் வைத்தியர் தன் கிளினிக் வாசலில் அவளுக்கு நாற்காலி போட்டார். மகனும் மருமகளும் போடும் சண்டை காதில் விழாமல் இருக்க ஒரு பெரியவர் சனிக்கிழமைதோறும் அவளைக் கூப்பிட்டுப் போய் வீட்டில் உட்கார வைத்தார். அவர்கள் கை நீட்டி, வாய் திறந்து, சத்தமில்லாமல் சண்டை போட்டார்கள், பத்து நிமிஷத்தில் அலுத்துப்போய் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஒரு சாவு வீட்டுக்குக் கூப்பிட்டு, போய் உட்கார்ந்ததும் துரத்திவிட்டார்கள். அழுதது யாருக்கும் கேட்கவில்லையாம், கேட்காத அழுகையைக் கணக்கில் எடுக்க மாட்டார்களாம். கோயில் திருவிழாவுக்கு மைக் செட் போடுகிறவர் மட்டும் அவளைப் பார்த்தால் தெருவை மாற்றிக்கொண்டு போனார்.

இத்தனை பேர் வந்தார்கள். இத்தனை பேரும் தோளோடு தோள் இடிக்க அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கையில் என்ன புத்தகம் என்று ஒருவர் கேட்கவில்லை. கேட்டாலும் கேட்காது, அது வேறு. வெளியே வந்தாவது கேட்டிருக்கலாமே? அவள் தலையைத் தூக்கி ஒரு வார்த்தை பேசலாம் என்று நினைத்தாலோ, தூக்கிய அந்தக் கணமே தறிச்சத்தம் இரைந்து விழும், குழந்தைகள் வீரிட்டு எழும், அக்காக்கள் முறைப்பார்கள். "ஏன் நிறுத்திப்போட்டே? படி, படி" என்பார்கள். அவள் படித்தால் பேச முடியாது. பேசினால் அவளிடம் ஒருவரும் நிற்க மாட்டார்கள். வட்டத்தின் நடுவில் இருந்தவளுக்குத்தான் அந்த வட்டத்தில் இடமே இல்லை.

வீட்டிலும் அப்படித்தான். முதல் நாள் தங்கமணி, "சத்தமே காணோமே" என்று கத்தப் போனவள், தன் குரலே எழும்பாததைக் கண்டு குடோனிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். மகள் சுவரில் சாய்ந்து படித்துக்கொண்டிருந்தாள். தங்கமணி அங்கேயே, தரையில், பஞ்சுத்தூசி அப்பிய தலையோடு படுத்தாள். பதினெட்டு வருஷமாகத் தறி ஓட்டுகிறவள். தூங்கும்போதும் காதுக்குள் தறி ஓடும். அன்றைக்குத்தான் அது நின்றது. அவள் தூங்கியதைப் பார்த்துக் கோபிகா மூன்று மணி நேரம் நிமிரவே இல்லை, கழுத்து பிடித்துக்கொண்டது, பிடித்துக்கொண்ட கழுத்தோடும் படித்தாள்.

எழுந்ததும் தங்கமணி மகளின் முகத்தை வழித்து முத்தமிட்டாள். "என்ற சாமி. தெனமும் இப்படிப் படி கண்ணு."

"அம்மா, இதுல ஒரு பரிசல்காரி வர்றாம்மா. அவ தம்பிய…"

"படி கண்ணு, படி. நான் சித்த நேரம் மறுக்காப் படுத்துக்கறேன்."

மாவட்டத்துக்குச் செய்தி போனது. மாவட்டத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மாணவியர் அனைவரும் தினமும் இருபது நிமிடம் சுயமாக, மகிழ்ச்சியுடன் வாசிக்க வேண்டும். மகிழ்ந்ததற்கான படிவத்தில் 'மகிழ்ந்தேன்', 'மிகவும் மகிழ்ந்தேன்' என்ற இரண்டில் ஒன்றைக் குறித்து, புகைப்படத்துடன் அன்றே அனுப்ப வேண்டும். மரகதவல்லி அறுநூறு பிள்ளைகளை மைதானத்தில் வரிசையாக உட்கார வைத்தார். ஆளுக்கொரு புத்தகம் வேண்டுமே, பீரோவைத் திறப்பாரா? திறக்கவில்லை. "ஒத்தப் புஸ்தகமே இந்தப் போடு போடுது, மத்தத எதுக்குக் கெடுக்கணும்?" என்று சொல்லி, பழைய வினாத்தாள் தொகுப்புகளைக் கொடுத்தார். பிள்ளைகள் அதை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, தறிகள் முன்னைவிட உரக்கக் கேட்டன.

"யாரும் ரசிக்க மாட்டேங்கறீங்க!" என்று மைக்கில் கத்தினார் மரகதவல்லி. "நல்லா ரசிங்க! பின்வரிசை, உங்களுக்குத் தனியாச் சொல்லணுமா? ரசிங்க!"

அறுநூறு பேரும் 'மிகவும் மகிழ்ந்தேன்' என்று குறித்துக் கொடுத்தார்கள்.

கோபிகா அந்த ஒரே புத்தகத்தை நான்காம் முறை படித்தாள், ஐந்தாம் முறை படித்தாள். அவளுக்குக் கணக்குக் கைடு கொடுத்துப் பார்த்தார்கள். பக்கத்திலிருந்த தறியின் சத்தம் பல்லைக் கூசவைத்தது. முன்னேறுவது எப்படி என்று ஒரு புத்தகம் கொடுத்தார்கள். அதற்கு எழுந்த தறிச்சத்தத்தில் ஊரே நடுங்கியது. மறுபடி வேலாத்தாவையே கையில் திணித்தார்கள். யாரும் தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொள்ள ஷாஹிதாவைப் பக்கத்தில் காவல் வைத்தார் மரகதவல்லி. பேசுகிறவர்களே இல்லாத இடத்தில் பேசுகிறவர்கள் பெயரை எழுத வேண்டிய வேலை அவளுக்கு. அவள் சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டு, கொட்டாவி விட்டுக்கொண்டு, பகல் முழுக்கக் கோபிகாவின் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள், ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தார்கள், மாதக்கணக்கில் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

எட்டாம் முறையில் வட்டம் மைதானத்துக்குள் அடங்கியது. ஒன்பதில் வகுப்பறைக்குள். பத்தாம் முறை முடியும்போது அமைதி ஒரு கை நீளந்தான் இருந்தது. குழந்தைக்காரிகள் பாயை இன்னும் கிட்டத்தில் போட்டார்கள், இடத்துக்குச் சண்டை வந்தது. அடுத்து வரும் சுழலும் அதற்கு அடுத்து வரும் பாறையும் மனப்பாடமாகிவிட்ட ஒருத்தி அதில் எதைக் கண்டு வியப்பாள்? தன்னோடு தானே வாதாடி, இரண்டு பக்கமும் தானே பேசி, தானே ஜெயித்துத் தானே தோற்று அவளுக்கு அலுத்துவிட்டது.

ஊர் கலவரப்பட்டது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு அந்தப் பள்ளிதான் மையம். அமைதியைப் பார்வையிட மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி வருவதாகத் தேதியும் சொல்லிவிட்டார்கள். மரகதவல்லி கோபிகாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, ஹார்லிக்ஸ் கலக்கிக் கொடுத்தார்.

"ஒனக்கு என்ன வேணும் சொல்லு கண்ணு? நல்ல நாற்காலி போடச் சொல்லட்டா? ஃபேன்?"

"இந்தப் புஸ்தகத்த இன்னொருத்தர் படிக்கணுங் டீச்சர்."

"யாரு?"

"யாராச்சும். நீங்களே படிங்க. படிச்சுப்போட்டு எங்கிட்ட ஒரு அஞ்சு நிமிசம் பேசுனாப் போதும்."

மரகதவல்லிக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. "நீ படிக்கறதே ஊருக்குப் போதுமே கண்ணு! நாங்க வேற எதுக்குப் படிச்சுக்கிட்டு?" என்றார். பிறகு, குரலைத் தாழ்த்தி, "நாளைக்கு மட்டும் அமைதி வரலீன்னா, அந்தப் புஸ்தகத்த வாங்கி உள்ள வச்சுப் பூட்டிருவேன். அப்பறம் என்னையச் சொல்லக்கூடாது" என்றார்.

மறுநாள் மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். ஊரே வந்திருந்தது. தங்கமணி குடோனில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து முன்வரிசையில் நின்றாள். சுகந்தி டீச்சர் டேப்போடு நின்றார். அதிகாரி மாலையோடு மேடையில் உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒரு பாய், பாயில் கோபிகா, அவளுக்கு இடப்பக்கம் சாக்பீஸோடு ஷாஹிதா.

கோபிகா பதினோராம் முறையாகப் பதினேழாம் பக்கத்தைத் திறந்தாள். தறிகள் ஓடிக்கொண்டே இருந்தன. வேலாத்தா துடுப்பை எடுத்தாள், எடுக்கட்டும். வெள்ளம் வந்தது, வரட்டும். பக்கத்தைத் திருப்பினாள், திருப்பினாள், ஒரு கணமும் சத்தம் குறையவில்லை. மேடையில் அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மரகதவல்லி கைப்பையைத் திறந்து சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். இனி இந்தப் புத்தகம் இல்லை, இதைப் பற்றிப் பேச ஒருவரும் வரப்போவதில்லை என்று கோபிகாவுக்குத் தெரிந்துவிட்டது. எழுத்துகள் கலங்கிக் கலங்கித் தெரிந்தன. அவள் படிக்கக்கூட இல்லை, திருப்பிக்கொண்டு மட்டும் இருந்தாள், பிறகு அதையும் விட்டாள்.

அப்போது தறிகள் நின்றன.

முதலில் பாயளவுக்கு. பிறகு பந்தல் அளவுக்கு. பிறகு சுகந்தி டீச்சர் டேப்பை விட்டுவிட்டுச் சும்மா நின்று பார்க்கும் அளவுக்கு அது பள்ளிச் சுவரைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, சந்தையைத் தாண்டி ஓடியது. சந்தையில் கூவிக்கொண்டிருந்த தக்காளிக்காரர் வாயைத் திறந்தபடி நின்றார். ஊர்க்கோடியில், வேலாத்தாவின் எந்தச் சுழலுக்கும் இதுவரை எட்டாத கடைசிக் குடோனில், தறி ஓட்டுகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிகாரி எழுந்து கை தட்டினார். ஊரே கை தட்டியது. ஒரு தட்டுக்கும் சத்தமில்லை.

கோபிகா மட்டும் மிரண்டுபோய் உட்கார்ந்திருந்தாள். அவள் ஒரு வரிகூடப் படிக்கவில்லையே! இது தன்னுடைய அமைதி இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தன் வீட்டைப் போலவே இருக்கும் இன்னொருவர் வீட்டுக்குள் நுழைந்தது போல இருந்தது. குழம்பிப்போய், பழக்கதோஷத்தில், அடுத்த பக்கத்தைத் திருப்பக் கையைக் கொண்டுபோனாள்.

இடப்பக்கத்திலிருந்து ஒரு கை வந்து பக்கத்தை அமுக்கியது. விரல்களில் சாக்பீஸ் தூள்.

ஷாஹிதா அவளைப் பார்க்கவே இல்லை. அவள் கண் பக்கத்தின் கடைசி வரிக்கு இன்னும் வந்து சேரவில்லை. உதடு இறுகியிருந்தது. வந்து சேர்ந்ததும் தானே பக்கத்தைத் திருப்பினாள். எத்தனை நாளாக ஓரக்கண்ணால் படித்துக்கொண்டு வந்தாளோ, எத்தனை முறை முடிக்கும் முன்பே கோபிகா திருப்பித் திருப்பி அவள் வாயில் மண்ணைப் போட்டாளோ! கோபிகா புத்தகத்தை அவள் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தாள். பாறை வந்தது. பிள்ளைகள் ஏறினார்கள். பரிசல் நகர்ந்தது. ஷாஹிதாவின் மூக்கு நுனி சிவந்தது.

திரும்பி வந்தபோது பாறையைக் காணோம்.

ஷாஹிதா புத்தகத்தைப் படாரென்று மூடினாள். நாலாயிரம் தறியும் பந்தல் மேல் சரிந்து விழுந்தன. பாதி மைதானம் காதைப் பொத்தியது, குழந்தைகள் அலறின, அதிகாரியின் மாலை அவிழ்ந்தது, மரகதவல்லி மேடையிலிருந்து "படிங்கடி! நிறுத்தாதீங்க!" என்று கத்திக்கொண்டே இறங்கி ஓடி வந்தார்.

"தப்பு!" என்றாள் ஷாஹிதா, தறியை மிஞ்சி.

கோபிகா அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். நான்கு காரணங்களும் நாக்கு நுனிக்கு வந்து நின்றன. "எப்படிடி தப்பு? ஆறு உசுருடி! தம்பிய விட்டுட்டுப் போகாம…"

"விட்டுட்டுப் போனது சரிதான், அத யாரு கேட்டா? 'இதோ வந்துர்றேன் சாமி'ன்னு சொன்னாளே, அது தப்பு! பொய்!"

"பொய்யா? நெசமாவே வரலாம்னு நெனச்சுத்தான்டி சொன்னா!"

"என்னத்த நெனச்சா? அவ சொல்லும்போது தண்ணி அவன் இடுப்புக்கு வந்துருச்சு, பதினோரு தரம் படிச்சயே, கவனிக்கலையா? தண்ணி ஏறற வேகம் பரிசல்காரிக்குத் தெரியாதா? அவனப் பாத்து உண்மையச் சொல்ல அவளுக்குத் தெம்பில்ல. அவன் கடைசி வரைக்கும் கரையவே பாத்துட்டு நின்னிருப்பான், தெரியுமா?"

கோபிகா மூடிக் கிடந்த புத்தகத்தைப் பார்த்தாள். பதினோரு முறை அந்தப் பாறையைக் கடந்தவள், ஒரு முறையும் அதில் நின்றவனின் கண்ணால் கரையைப் பார்த்ததில்லை. அவளிடம் இருந்த நான்கு காரணங்களில் ஒன்றுகூட இதற்கு உதவாது.

"ஷாஹிதா! எந்திரி மொதல்ல! அவளப் படிக்க விடு!" என்று மரகதவல்லி தோளைப் பிடித்து உலுக்கினார். தங்கமணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மகள் முகத்தைப் பார்த்து, அப்படியே நின்றாள். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் இதுவரை பார்த்ததில்லை. ஷாஹிதாவின் தோளிலிருந்த டீச்சரின் கையை மெல்ல எடுத்து விட்டாள். "இருங்க டீச்சர்," என்றாள், "புள்ளைங்க ஏதோ பேசிட்டிருக்குதுங்கல்ல."

"சரி, அப்ப நீயா இருந்தா என்னடி சொல்லியிருப்பே?" என்று கத்தினாள் கோபிகா. "அந்த எடத்துல, அந்தத் தண்ணியில, ஒன் தம்பிகிட்ட என்ன சொல்லியிருப்பே?"

ஷாஹிதா யோசித்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துத் தறியும் சந்தைப் பக்கத்துத் தறியும் பள்ளிச் சுவரை ஒட்டிய தறியும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இடித்துக்கொண்டிருக்க, கோபிகா ஒரு வார்த்தைகூட விட்டுப்போகக் கூடாதென்று பாயில் அவளை நெருங்கி, காதைக் கிட்டத்தில் கொண்டுபோனாள்.